ஆபரேசனுக்கு முந்தின இட்லி

அந்த ஸ்கேன் கவரை பஸ்ஸு கம்பியில மேல வைக்காத பிள்ளே. மடியிலயே வச்சுக்கோ. மேல வச்சா எவனாவது மூட்டையைத் தூக்கி அதுக்கு மேல போடுவான். படம் மடங்கிரும். அப்புறம் அந்த டாக்டர் ஒங்க மாமனாருக்குக் குடல் மடங்கிக் கிடக்குன்னு இன்னொரு படம் எடுக்கச் சொல்லுவாரு. சிரி, சிரி. சிரிச்சா ஒண்ணும் குத்தமில்ல. காலையில இருந்து நீ அழுதுக்கிட்டே இருந்ததை நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அதே வராந்தா, அதே பெஞ்சு. நானும் அங்க இருந்து மூக்கைச் சிந்தினவதான்.

இரைப்பையில கட்டிதானே? எப்படித் தெரியும்னா கேக்க? இரைப்பை டாக்டர் ரூமுக்கு வெளியதானே இருந்த. "இப்ப அறுக்க முடியாது, உடம்பைத் தேத்திக் கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்லியிருப்பாரு. அதான் ஒனக்கு அழுகை. கையை விரிச்சுட்டாருன்னு நினைச்சுட்ட. கையை விரிக்கல பிள்ளே. எங்களுக்கும் இதையேதான் சொன்னாரு.

அதோ பாரு, டிரைவருக்குப் பின்னால, ஜன்னலோரம், தலையில துண்டைச் சுத்திக்கிட்டுத் தூங்குதாவளே, அதுதான் எங்க வீட்டுக்காரவுக. குற்றாலிங்கம் பிள்ளை. எழுபத்து மூணு வயசு. இரைப்பையில முக்காவாசியை எடுத்தாச்சு. குறட்டையை மட்டும் எடுக்க முடியல. என்கூட உக்காந்தா நான் பேசியே கொன்னுருவேனாம், அங்க போய் உக்காந்தாச்சு. அதுவும் நல்லதுக்குத்தான். நான் சொல்லப் போறது அவுக காதுல விழக் கூடாது. கொஞ்சம் கிட்ட வா.

என் பேரு பிரமு. நாங்க சைவப் பிள்ளைமாரு. எங்க தெருவுல முட்டைன்னு சத்தமாச் சொன்னாலே வாயைக் கழுவச் சொல்லுவாவ. பேரனுக்குப் பொறந்தநாள் வந்தா கேக்குல அது கலந்திருக்கும்னு, கேசரியைக் கிண்டித் தட்டுல கொட்டி, அதுக்கு மேல மெழுகுவத்தியைக் குத்தி வெட்டச் சொல்லுவோம். மெழுகு உருகிக் கேசரியில ஓடும். அந்தப் பய என்ன பாவம் பண்ணினானோ.

இவுக அதுக்கும் மேல. சின்ன வயசுலயே மடத்துல போய்த் தீட்சை வாங்கினவுக. பண்டகசாலையில மேனேஜரா இருந்தப்பவும் கழுத்துல உத்திராட்சம், நெத்தி நெறையத் திருநீறு. சாப்பிட உக்காந்தா ஒரு பதிகம் பாடி முடிச்சுத்தான் முதல் கவளம். நல்ல நீளமான பதிகமாப் பாத்துத்தான் எடுப்பாவ. இவுக பாடி முடிக்கதுக்குள்ள சோறு ஆறி, சாம்பார் ஆறி, நானும் ஆறிப் போயிருவேன்.

போன ஐப்பசியில ஆரம்பிச்சுது. ரெண்டு இட்லி தின்னா வயிறு நெறஞ்சு போச்சுன்னு எந்திரிப்பாவ. என் சமையலைத்தான் குத்தம் சொல்லுதாவன்னு நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேன். அப்புறம் வேட்டி இடுப்புல நிக்கல. பெல்ட்டுல புதுசு புதுசா ஓட்டை போட்டாவ. ஓட்டை போட இடம் இல்லாமப் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தோம்.

டாக்டரைப் பாத்தேல்லா? மீசைகூட ஒழுங்கா மொளைக்கல. ஆனா பேச்சுல ஒரு ஒளிவு மறைவு கிடையாது. "அம்மா, கட்டியை வெட்டி எடுக்கிறது எனக்குப் பெரிய வேலை இல்ல. வெட்டின பிறகு ரெண்டு முனையையும் சேத்துத் தைக்கணும். அந்தத் தையல் ஒட்டணும்னா ரத்தத்துல புரதம் வேணும். ஐயாவுக்கு அது அடிமட்டத்துல கிடக்கு. இந்த உடம்புல தைச்சா தையல் விட்டுரும், உள்ள கசியும், சீழ் பிடிக்கும். வயசானவங்க நெறைய பேரு கட்டியில போறதில்லம்மா, இதுலதான் போறாங்க. ஒரு மாசம் தாரேன். தேத்திக் கொண்டாங்க. அதுக்கு மேல கட்டி நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது"ன்னாரு. கட்டியை எடுக்காட்டியும் ஆள் போயிரும், இப்படியே எடுத்தாலும் ஆள் போயிரும். நடுவுல ஒரு மாசம். அந்த ஒரு மாசமும் என் அடுப்புல.

வீட்டுக்கு வந்தா எங்க மதினி உக்காந்திருக்காவ. அவுகளோட அக்கா. தூக்குவாளி நெறைய நொய்க்கஞ்சி. நம்ம ஆளுகளுக்குத்தான் காய்ச்சல்னாலும் பத்தியம், கால் ஒடிஞ்சாலும் பத்தியமாச்சே. "கட்டிக்குத் தீனி போடாத பிரமு, பட்டினி போட்டாத்தான் கட்டி சாகும்"னாவ. "கட்டி சாகதுக்கு முன்னால ஒங்க தம்பி செத்துருவாவ மதினி"ன்னேன். அன்னைக்குப் போனவுகதான். இன்னும் கோவம் தீரல. தீராட்டிப் போகுது, எனக்கும் காப்பிப் பொடி மிச்சம்.

அப்புறம் பாக்க வாரவுக. ஆளுக்கு ஒரு ஆர்லிக்ஸ் பாட்டில், ஆளுக்கு ஆறு சாத்துக்குடி. தின்ன முடியாத மனுசனுக்கு எதுத்தாப்புல உக்காந்து, நான் போட்ட காப்பியைக் குடிச்சுக்கிட்டு, "ஆளே உருகிட்டாரே"ன்னு சொல்லுவாவ. அவரு காதுபட. எழவு வீட்டுக்கு ஒத்திகை பாக்க வந்த மாதிரி. ஒங்க வீட்டுக்கும் வருவாவ. வாசல்லயே சாத்துக்குடியை வாங்கிக்கிட்டு, தூங்குதாவன்னு சொல்லி அனுப்பிரு. நான் சொல்லுததை மறந்துராத.

இந்த ஆஸ்பத்திரியில சாப்பாட்டுக்குன்னு ஒரு பொண்ணு இருக்கு, பியூலான்னு பேரு. பாத்தியா? கண்ணாடி போட்டுக்கிட்டு, சின்ன உருவம். பால் குடுங்கன்னா. பால் குடிச்சா இவுகளுக்கு வயித்தால போகும். பருப்புன்னா. பருப்பு கேஸ் அடைச்சு மூச்சு முட்டும். டப்பாவுல வர்ற சத்து மாவு இருக்கே, அதைக் கலக்கிக் குடுத்தா, சுண்ணாம்பு அடிக்கக் கலக்கினதைக் குடுக்கியான்னு கேட்டு அப்படியே வாந்தி. கடைசியில அந்தப் பொண்ணு பயந்து பயந்து, "முட்டை வெள்ளைக்கரு மட்டும் குடுத்துப் பாக்கலாமாம்மா? அதுதான் லேசாச் செரிக்கும்"னா.

அம்மாடி! இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் இவுக மூஞ்சிக்கு ஏறிட்டுது. "உசிரே போனாலும் அதைக் கையால தொட மாட்டேன். தீட்சை வாங்கினவன் நான். தெரிஞ்சு அதைத் தின்னுட்டு எந்த முகத்தோட சாமி முன்னால நிப்பேன்?"ன்னு அந்த ரூமே அதிரக் கத்தினாவ. பியூலா பேனாவைக் கீழ போட்டுட்டா.

அப்புறம் இவுக என்னை ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்கிட்டு வரச் சொன்னாவ. போயிட்டு வந்து பாத்தா, இவுக அந்தப் பொண்ணுகிட்டத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெதுவா என்னமோ சொல்லிட்டு இருக்காவ. அந்தப் பொண்ணு கண்ணாடியைக் கழத்திக் கண்ணைத் தொடைக்கா. என்னைப் பாத்ததும் பேச்சு நின்னு போச்சு. என் சமையலைப் பத்திக் கோள் மூட்டியிருப்பாவ, வேற என்ன? நான் கேக்கவே இல்ல.

மறுநாள் பியூலா எனக்குப் போன் பண்ணினா. "அம்மா, ஐயாவுக்குத் தெரியாம மாவுல கலந்து குடுத்துருங்களேன். ஆனா எக்காரணம் கொண்டும் அவங்ககிட்டச் சொல்லிராதீங்க"ன்னா. எவ்வளவு மூளை பாரு அந்தப் பொண்ணுக்கு! இந்த வயசுல எனக்கு அந்த யோசனை வரலியேன்னு இருந்துச்சு.

ஆனா பயம். ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். நம்ம சாமியே ஒரு வேடன் குடுத்த பன்னிக்கறியைத் தின்னவருதானே, அவருக்கு இல்லாத ஆச்சாரமா எனக்குன்னு ஒரு மனசு. மனுசனை ஏமாத்தி அவரு நேமத்தைக் கெடுக்கியேன்னு ஒரு மனசு. கடைசியில சாமிகிட்ட நேராவே சொல்லிட்டேன். "இவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. பாவம்னா என் தலையில போடு. ஆளை மட்டும் எனக்கு விட்டுரு." அவ்வளவுதான். வேற பேச்சு இல்ல.

தெரு முக்கு தாண்டி ஒரு பாய் கடை. "யாருக்கு ஆச்சி?"ன்னாரு. "நாய்க்கு"ன்னேன். நல்ல மனுசன், சிரிக்கல. கறுப்புக் கவருல போட்டு, மேல ரெண்டு கத்தரிக்காயையும் வச்சுக் குடுத்தாரு. வீட்டுல கொண்டு வந்து அதைத் தேங்காய் உடைக்க மாதிரி ஒரு போடு போட்டேன். சுவரெல்லாம் தெறிச்சுட்டுது. எனக்கு என்ன தெரியும்? வெந்நி ஊத்திக் கழுவி, சாம்பிராணி போட்டு, வீடே கோயில் மாதிரி மணந்துச்சு. ரெண்டாவதுதான் பக்குவமா உடைஞ்சுது. வெள்ளையை மட்டும் பிரிச்சு, நுரை பொங்க அடிச்சு, பெருங்காயம் போட்டு இட்லி மாவுல கலந்தேன். இட்லி பஞ்சு மாதிரி உப்பிக்கிட்டு வந்துச்சு பிள்ளே. அப்படி இட்லி நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அவிச்சதே இல்ல.

கொண்டு வச்சேன். இவுக இட்லியைப் பாத்தாவ. என்னைப் பாத்தாவ. அப்புறம் கழுத்துல கிடந்த உத்திராட்சத்தைக் கழத்தி, "இதைக் கொண்டுபோய்ப் பூசை ரூம் ஆணியில மாட்டு. கழுத்து மெலிஞ்சு போச்சு, கனக்கு"ன்னாவ. எனக்கு அழுகையே வந்துட்டுது. உத்திராட்சம் கனக்குத அளவுக்கு ஆளு மெலிஞ்சு போச்சேன்னு. பதிகமும் பாடல. மூச்சு இல்லையாம். கண்ணை மூடிக்கிட்டு மெதுவா மென்னு மென்னு முழுங்கினாவ. "மாவு யாரு ஆட்டினது?"ன்னாவ. "நான்தான்"னேன். "நல்லாத்தான் ஆட்டியிருக்க"ன்னாவ. இத்தனை வருசத்துல என் சமையலை நல்லாருக்குன்னு சொன்னது அன்னைக்குத்தான். அதுவும் நான் பண்ணின திருட்டுத்தனத்துக்கு!

அன்னையில இருந்து பூசை ரூமுக்கு உள்ளயும் போகல. நடையில நின்னே கும்பிடுவாவ. குனிய முடியலையாம். ஆனா கட்டிலுக்கு அடியில செருப்பைத் தேடும்போது மட்டும் நல்லாக் குனிய முடியும். சோம்பல் பிள்ளே. நோயைச் சாக்கா வச்சுக்கிட்டு.

மஞ்சக்கருவை எங்க கொட்ட? பின்வாசல்ல ஒரு சொறிநாய் வரும், அதுக்கு வச்சேன். பாய்கிட்டச் சொன்னதும் பொய்யில்லாமப் போச்சு. அந்த நாய்க்குச் சொறி எல்லாம் உதிர்ந்து, முடி பளபளன்னு மின்னி, கன்னுக்குட்டி மாதிரி ஆயிட்டுது. ஒரு நாள் இவுக வெயிலுக்குப் பின்வாசல்ல உக்காந்திருந்தாவ. நாயைப் பாத்துட்டு, "இதுக்கும் ஆபரேசன் தேதி குடுத்திருக்காங்களாட்டி?"ன்னாவ. நல்லவேளை, இவுக ஒரு அப்பாவி. அதுக்கு மேல யோசிக்கல.

பிரதோசம் வந்துச்சு. அன்னைக்கு ஒரு நாளாவது வேண்டாம்னு, வெறும் மாவுல அவிச்சு வச்சேன். ஒரு விள்ளல் வாயில போட்டாவ. "ஏட்டி, இட்லி என்ன இன்னைக்குக் கல்லு மாதிரி இருக்கு?"

"இன்னைக்குப் பிரதோசம்லா"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்.

"இட்லிக்கு என்னட்டி பிரதோசம்? டாக்டர் குடுத்த மாசத்துல பிரதோசத்தைக் கழிச்சுக்கவா செய்வாரு? போய் நேத்து மாதிரியே அவிச்சுக் கொண்டா."

பாத்தியா? நாக்கு ருசியைக் கண்டுபிடிச்சுட்டுது, மண்டைக்கு விசயம் ஏறல. ஆம்பளைகளே அப்படித்தான்.

ஆனா எனக்கு ஒவ்வொரு நாளும் நெஞ்சைக் குத்தும். கட்டினவருகிட்ட எதையும் மறைச்சு எனக்குப் பழக்கமே இல்ல. "ஏங்க, ஒண்ணு சொல்லணும்"னு ஆரம்பிப்பேன். "சொல்லாத"ம்பாவ. "கேக்கவே இல்லையே"ன்னா, "கேக்காண்டாம். கரண்டு பில்லுன்னாலும் சொல்லாண்டாம், கப்பல் கவுந்தாலும் சொல்லாண்டாம்"பாவ. எத்தனை தடவை! வாயைத் திறக்க விட மாட்டாவ. நோய் வந்தா மனுசனுக்கு இப்படியா சிடுசிடுப்பு வரும்?

மாசம் முடிஞ்சு போனோம். எடை ஏறியிருந்துச்சு, ரத்தத்துல புரதமும் ஏறியிருந்துச்சு. டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "என்னம்மா குடுத்தீங்க?"ன்னாரு. நான் பதில் யோசிக்கதுக்குள்ள இவுக முந்திக்கிட்டு, "உளுந்து டாக்டர். கறுப்பு உளுந்து. எங்க வீட்டுல உளுந்து நல்லா ஆட்டுவா"ன்னாவ. பியூலா சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டுத் தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரிக்கா. அந்தப் பொண்ணு காட்டிக் குடுத்துரப் போகுதேன்னு எனக்கு வேர்த்துப் போச்சு.

ஆபரேசன் அன்னைக்குப் பச்சைச் சட்டையைப் போட்டு, தள்ளுவண்டியில படுக்க வச்சுக் கொண்டு போனாவ. உள்ள போய்த் திரும்பி வரலைன்னா? தெரியாமலே போயிருவாவளே? பொய்யைத் தின்னுட்டுப் போகணுமான்னு நினைச்சேன். தாங்க முடியல. வண்டியைப் பிடிச்சு நிப்பாட்டி, "நான் ஒரு பாவம் பண்ணிட்டேங்க, கேட்டுட்டுப் போங்க"ன்னேன். இவுக கையை நீட்டி என் வாயைப் பொத்தினாவ. நர்சு பாக்கா, வண்டி தள்ளுதவன் பாக்கான். நாலு பேரு முன்னால என் விரலைக்கூடத் தொடாத மனுசன். பொத்தின கையை எடுக்காம, மேல முகட்டைப் பாத்து, "அப்பனே, இவ கணக்குல ஒண்ணும் எழுதிராத. தின்னது நானு. என் பேருல எழுதிக்கோ"ன்னாவ.

மயக்க மருந்து ஏறிட்டுது போலன்னு நினைச்சேன். "ஊசியே இன்னும் போடலம்மா"ன்னா நர்சு. அப்ப பயம்தான். பயத்துல என்னத்தையோ உளறியிருக்காவ, பாவம். அந்தக் கதவு மூடினதும் நான் அங்கனயே தரையில உக்காந்துட்டேன்.

தையல் ஒட்டிட்டுது. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தரு, இவுக வயசுதான். சங்கரன்கோவில் பக்கம். அவருக்கு ரத்தமாக் கொட்ட ஆரம்பிச்சதால தேத்துததுக்கு நாளே இல்ல, அவசரமா அறுத்தாவ. கட்டி முழுசா வந்துட்டுது, தையல் நிக்கல. அவரு பொஞ்சாதி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கட்டி போச்சுன்னுதானேக்கா சொன்னாங்க, கட்டி போச்சுன்னுதானே சொன்னாங்க"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. அந்தக் கை சூடு எனக்கு இன்னும் மறக்கல. அதனாலதான் ஒன்கிட்டச் சொல்லுதேன். ஒங்க மாமனாருக்கு நாள் குடுத்திருக்காருல்லா? அதுக்கு அழாத. அதைப் பிடிச்சுக்கோ. கஞ்சியைத் தூக்கி வாசல்ல ஊத்து. எதைக் கலந்து குடுப்பியோ, யாரை ஏமாத்துவியோ, தேத்திக் கொண்டு போ.

இன்னைக்கு டாக்டர் பாத்துட்டு எல்லாம் நல்லாருக்கு, சத்து மட்டும் குறையாமப் பாத்துக்கோங்கன்னாரு. இனிமே என்ன பயம், சொல்லிரலாம்னு, வெளிய வந்ததும் "ஏங்க"ன்னுதான் வாயைத் திறந்தேன். "பிரமு, நீ சொன்னா நான் அதை விட வேண்டி வரும். சொல்லாத"ன்னாவ. எதை விட? என்ன பேச்சு இது? தலையும் இல்ல காலும் இல்ல. நான் என்ன சொல்லப் போறேன்னே தெரியாது, அதுக்குள்ள ஒரு அதட்டல்.

ஏன் பிள்ளே கண்ணைத் தொடைக்க? ஜன்னலைச் சாத்திரு, புழுதி வருது.

எனக்கு ஒரே ஒரு குறைதான், ஆவலாதிதான். ஆளைத் திருப்பிக் குடுத்த சாமி, பழைய குணத்தோட குடுக்கல. முந்தியெல்லாம் எங்க போனாலும் என்கூட ஒட்டித்தான் நடப்பாவ. ரோட்டுப் பக்கம் அவுக, சுவத்துப் பக்கம் நான். தெருவே கேலி பண்ணும். இப்ப பஸ்ஸை விட்டு இறங்கினதும், "நான் முன்னால போறேன், நீ வாங்க வேண்டியதை வாங்கிட்டு மெதுவா வா"ன்னு ஒரே நடை. எனக்கும் வசதிதான், இல்லேங்கல. யாருக்கும் தெரியாம வாங்கிப் பையில போட்டுக்கிடலாம். ஆனாலும் மனசு கேக்குமா? பின்னால ஒருத்தி கனத்தைத் தூக்கிட்டு வாராளேன்னு ஒரு தடவை திரும்பிப் பாக்கலாம்லா? பாக்க மாட்டாவ. வீட்டுக்குப் போய்ச் சேந்தா, எனக்காகக் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிப்பாவ. நான் பையோட உள்ள போற வரைக்கும் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நிப்பாவ. அப்படி என்ன கோவம் பிள்ளே எம்மேல? நீயே சொல்லு.